ரெண்டு பேர் பெயரில் வீடு: ஒருவர் போனபின் யாருக்குச் சேரும்?

நான் பத்திரம் எழுதுகிறவள். மாயவரம் பக்கம் ஒரு சார்பதிவாளர் அலுவலக வாசலில் தட்டச்சு செய்யும் பெண்ணாக உட்கார்ந்தேன். இப்போது என் மேசை, என் கணினி. இத்தனை வருடத்தில் அதிகம் கேட்ட வாக்கியம் எது என்றால் இதுதான்: "அக்கா, வீடு எங்க ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. அவர் போயிட்டார். இனிமே எனக்குத்தானே?"

இல்லை. முழுசாக உங்களுக்கு இல்லை. இந்தப் பதிலைச் சொல்லும்போது எதிரே இருக்கிறவர் முகம் மாறுவதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன். இரண்டு பேரும் உயிரோடு இருக்கும்போதே செய்துகொள்ள வேண்டிய வேலை இது.

ஒரு கணக்கைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். மளிகைக் கடை வைத்திருந்த ஒருவர், மனைவி பெயரையும் சேர்த்து 1200 சதுர அடி மனையில் வீடு வாங்கினார். திடீரென்று காலமானார். பெண்ணுக்கு அப்போது 19, பையனுக்கு 16. அவருடைய அம்மா இருந்தார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக வீட்டை வைத்துக் கடன் வாங்கலாம் என்று அவர் மனைவி கிரயப் பத்திரத்தையும் இறப்புச் சான்றிதழையும் மட்டும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

ஒரு செலான் தாளின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன். பத்திரத்தில் பங்கு எதுவும் எழுதவில்லை, ஆகவே சரிபாதி. கணவருடைய பாதி 600 சதுர அடி. இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால், 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசுகள் யாரோ அவர்கள் எல்லோருக்கும் சமமாகப் பிரியும். மனைவி, மகன், மகள், அம்மா. அப்பா இந்த முதல் வகுப்பில் கிடையாது, அம்மா உண்டு. பாதிப் பேருக்கு இது தெரியாது. ஆக 600ஐ நாலாகப் பிரித்தால் ஆளுக்கு 150. மனைவிக்குத் தன் சொந்தப் பாதி 600, இதில் ஒரு 150, மொத்தம் 750.

"அத்தைக்கு 150 அடியா? அவங்க எங்கூடத்தானே இருக்காங்க, அவங்க என்ன கேட்கப் போறாங்க" என்றார். கேட்கவில்லைதான். ஆனால் இரண்டு வருடம் கழித்து அந்த அத்தையும் போய்விட்டார். அந்த 150 அடி அப்போது மருமகளுக்கு வராது. மாமியாரின் பிள்ளைகளுக்குப் போகும். மாமனார் முன்பே இல்லை. மாமியாருக்கு மூன்று பிள்ளைகள்: இறந்துபோன இவர், ஒரு தம்பி, ஒரு தங்கை. ஆளுக்கு 50 அடி. இறந்தவருடைய 50 அடி அவர் பிள்ளைகள் இருவருக்கும் 25, 25. கொழுந்தனாருக்கு 50. திருப்பூரில் இருக்கிற நாத்தனாருக்கு 50.

ஐம்பது சதுர அடி என்றால் ஒரு குளியலறை. அந்தக் குளியலறை அளவுக்காகக் கொழுந்தனார், நாத்தனார் இருவர் கையெழுத்தும் இல்லாமல் அந்த வீட்டை முழுசாக விற்கவும் முடியாது, அடமானம் வைக்கவும் முடியாது.

இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை. நாத்தனார் கையெழுத்துப் போடத் தயாராகத்தான் இருந்தார். கட்டணம்தான் இடித்தது. குடும்பத்துக்குள் எழுதும் தானசெட்டில்மெண்ட் (உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுப்பது), பாகப்பிரிவினை, விடுதலை (தன் பங்கை விட்டுக்கொடுப்பது) ஆகிய பத்திரங்களுக்குத் தமிழ்நாட்டில் சலுகை உண்டு. முத்திரைத் தீர்வை மதிப்பில் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. 2023 ஜூலைக்கு முன்பு இது 25,000, 4,000 ஆக இருந்தது. பாகப்பிரிவினை என்றால் இது ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி. ஆனால் "குடும்பம்" என்றால் தாய், தகப்பன், கணவன், மனைவி, மகன், மகள், பேரப்பிள்ளை, உடன்பிறந்தவர். நாத்தனாருக்கு அண்ணி இந்த வரையறையில் இல்லை. மாமியாருக்கு மருமகளும் இல்லை. பொங்கலுக்கு ஒரே பானையில் பொங்கினாலும் பத்திரத்தில் அவர்கள் அந்நியர்கள்.

மாமியார் இருந்தபோதே வந்திருந்தால் வேலை சுலபம். தன் 150 அடியை மருமகளுக்கு எழுதாமல் பேரன் பேத்திக்கு எழுதியிருப்பார். பேரப்பிள்ளை குடும்பம், சலுகை கிடைத்திருக்கும். இதே நிலையில் இருக்கிறவர்கள் இதைப் படித்தால், இந்த ஒரு பத்தியை மட்டுமாவது வீட்டில் படித்துக் காட்டுங்கள்.

சரி, இரண்டு பேர் பெயர் இருந்தும் மிச்சமிருக்கிறவருக்கே ஏன் சேருவதில்லை? கூட்டாகச் சொத்து வைத்திருப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, எல்லோரும் சேர்ந்து ஓர் ஆள் மாதிரி. ஒருவர் போனால் அவர் பங்கு என்று தனியாக எதுவும் மிஞ்சாது, இருக்கிறவரிடமே எல்லாம் நிற்கும். வக்கீல்கள் இதை ஜாயின்ட் டெனன்சி என்பார்கள். இன்னொன்று, சொத்து ஒன்றாக இருந்தாலும் பங்கு அவரவருக்குத் தனி. ஒருவர் போனால் அவர் பங்கு அவர் வாரிசுக்கு. இது டெனன்சி இன் காமன். சிங்கப்பூரில் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு வாங்கும் கணவன் மனைவிக்கு இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வழி உண்டு. எங்கள் பக்கம் சிங்கப்பூர் போய் வந்தவர்கள் அதிகம். அங்கே முதல் வகையைப் பார்த்துப் பழகிவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். "அங்க தங்கச்சி வீட்டுக்காரர் போனப்போ அப்படியே அவ பேருக்கு வந்துச்சே" என்பார்கள். அங்கே வந்திருக்கும். இங்கே வராது.

இங்கே, இந்துக்களைப் பொறுத்தவரை, முதல் வகை கூட்டுக் குடும்பத்துக்கு வெளியே வழக்கத்தில் இல்லாதது என்று லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் என்ற அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றம் 1896இலேயே சொல்லிவிட்டது. பத்திரத்தில் வேறு மாதிரி தெளிவாக எழுதாத வரை இரண்டாவது வகை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பங்கு எவ்வளவு என்பதற்கு 1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு. யார் எவ்வளவு பணம் போட்டார்களோ அந்த விகிதம். அதற்கு ஆதாரம் இல்லை என்றால் சமம்.

இனி என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

வாங்கும் நாளில்

பங்கை எழுதுங்கள். "இருவரும் சரிபாதி" என்றோ, "மூன்றில் இரண்டு பங்கு, மூன்றில் ஒரு பங்கு" என்றோ ஒரு வரி. பணம் யார் கணக்கிலிருந்து போனது, காசோலை எண் என்ன, எந்தத் தேதி என்று பத்திரத்திலேயே வரட்டும். மனைவி நகையை விற்றுப் போட்ட பணம் என்றால் அந்தப் பணத்தை முதலில் அவர் வங்கிக் கணக்கில் போட்டு, அங்கிருந்து விற்பவருக்கு அனுப்புங்கள். கையில் வாங்கிக் கணவன் கணக்கில் போட்டு அங்கிருந்து கொடுத்தால், பின்னால் அது யார் பணம் என்று நிரூபிக்க யாராலும் முடியாது. நகையும் போய், பங்கும் போன பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக் கடனில் பெயர் இருப்பதும் பத்திரத்தில் பெயர் இருப்பதும் ஒன்றல்ல. கடனில் கையெழுத்துப் போட்டவர் கடனுக்குப் பொறுப்பாளி, அவ்வளவுதான். வீட்டில் பங்கு வேண்டும் என்றால் கிரயப் பத்திரத்தில் "எழுதி வாங்குபவர்" இடத்தில் பெயர் வர வேண்டும். சம்பளத்தில் மாசாமாசம் தவணை கட்டிக்கொண்டு, பத்திரத்தில் பெயரே இல்லாமல் இருக்கிற மனைவிகளும் உண்டு, தம்பிகளும் உண்டு.

மிச்சமிருக்கிறவருக்கே சேர வேண்டும் என்பதுதான் உங்கள் விருப்பம் என்றால் அதையும் பத்திரத்தில் எழுதலாம். என்னைப் பழக்கிய ஐயா எழுதும் வாசகம் இது: "எங்களில் எவர் முந்திக் காலமானாலும் அவருடைய பாகம் பிந்தியிருப்பவரையே சர்வ சுதந்திர பாத்தியமாய்ச் சேர வேண்டியது." ஐயா ஒவ்வொரு தம்பதியிடமும் கேட்பார்: "யார் முந்தினா யாருக்கு?" பத்திரத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக்கொண்டு, நல்ல நேரம் பார்த்து வந்திருக்கிறவர்களிடம் கேட்கிற கேள்வியா அது? முகம் சுளிப்பார்கள். "அபசகுனமா பேசாதீங்க" என்று ஒருவர் எழுந்தே போய்விட்டார். ஐயா அசரமாட்டார்.

ஆனாலும் நான் அந்த வரியை மட்டும் நம்பி விடச் சொல்வதில்லை. வாரிசுகளில் ஒருவர் எதிர்த்தால், அந்த வரிக்கு என்ன பொருள் என்று நீதிமன்றத்தில் வாதாட வேண்டிவரும். கூடவே ஆளுக்கு ஓர் உயில் எழுதிவிடுங்கள்.

உயில்

செலவு குறைவு, பலன் அதிகம். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவு கட்டாயம் இல்லை. ஆனாலும் பதியுங்கள் என்பேன். பிறகு "அப்பா கையெழுத்தே இல்ல இது" என்று யாராவது கிளம்பும்போது பதிவேடு பேசும்.

கணவன் மனைவி இருவரும் ஒரே தாளில் சேர்ந்து உயில் எழுத வேண்டாம். ஒருவர் இறந்தபின் மற்றவர் அதை மாற்றலாமா கூடாதா என்று வழக்கு வரும். தனித்தனியாக எழுதுங்கள்.

எழுதும்போது உங்கள் பங்கை மட்டும் எழுதுங்கள். நான் பார்க்கிற உயில்களில் அடிக்கடி வரும் தப்பு இதுதான்: வீடு இருவர் பெயரில் இருக்கும். கணவர் "என் வீட்டை என் மகனுக்கு" என்று முழு வீட்டையும் எழுதி வைத்திருப்பார். மனைவியின் பாதியை எழுத அவருக்கு ஏது உரிமை? "மேற்படி சொத்தில் எனக்குப் பாத்தியப்பட்ட பிரிபடாத சரிபாதி" என்று எழுத வேண்டும். அடுத்து, "அவர் எனக்கு முன்பே காலமாகியிருந்தால் இன்னாருக்கு" என்ற வரியை மறக்கக் கூடாது. வாங்க வேண்டியவர் முந்திவிட்டால் உயில் அந்தரத்தில் நிற்கும்.

சாட்சி இரண்டு பேர் வேண்டும். நீங்கள் கையெழுத்துப் போடுவதை அவர்கள் பார்க்க வேண்டும், உங்கள் முன்னிலையில் அவர்களும் போட வேண்டும். சொத்து பெறுகிறவரையோ அவருடைய கணவன் மனைவியையோ சாட்சியாகப் போடாதீர்கள். உங்களை விட வயதில் சிறியவராகப் பாருங்கள். நாளைக்கு வந்து சாட்சி சொல்ல ஆள் இருக்க வேண்டுமே. படுக்கையில் இருப்பவர் என்றால் ஒரு சாட்சி மருத்துவராக இருப்பது நல்லது. கடைசியாக எழுதியதுதான் செல்லும். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்.

பிள்ளை இல்லாத பெண்கள் உயில் எழுதுவதைத் தள்ளிப் போடவே கூடாது. கணவனும் இல்லாமல், உயிலும் இல்லாமல் ஓர் இந்துப் பெண் இறந்தால், அவர் சம்பாதித்து வாங்கிய சொத்து அவருடைய அம்மாவுக்கு முன்பு கணவன் வீட்டு வாரிசுகளுக்குப் போகும். பெற்றோரிடமிருந்து வாரிசாக வந்தது என்றால் மட்டும் அப்பா வழிக்குத் திரும்பும். இந்த விதி எனக்கு இன்றுவரை நியாயமாகப் படவில்லை. என் நியாயத்தைக் கேட்டா சட்டம் போட்டார்கள்?

உயிலுக்குப் பதிலாக இப்போதே செட்டில்மெண்ட் எழுதிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: செட்டில்மெண்ட் எழுதிய அன்றே சொத்து கை மாறிவிடும். மனம் மாறினால் ஒருதலையாக ரத்து செய்ய முடியாது. வயதானவர்கள் எழுதினால் "என் ஜீவிய காலம் வரை நானே ஆண்டு அனுபவித்து" என்ற உரிமையை வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும். பிள்ளை தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதுங்கள். அந்த நிபந்தனை இருந்து பிள்ளை கைவிட்டால், 2007ஆம் வருட மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவில் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கேட்க வழி உண்டு.

இதுவரை சொன்ன பங்குக் கணக்கு இந்துக்களுக்கு. கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம்: பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு, அம்மாவுக்குப் பங்கு இல்லை. முஸ்லிம்களுக்கு, பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, அப்பா அம்மாவுக்கு ஆறில் ஒன்று வீதம், மகனுக்கு மகளைப் போல் இரு மடங்கு. மற்ற வாரிசுகள் சம்மதிக்காவிட்டால் உயிலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது. ஆகவே மேலே சொன்ன உயில் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அந்தச் சட்டம் தெரிந்தவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

பிதிரார்ஜிதம் (பூர்வீகச் சொத்து)

மிச்சமிருப்பவருக்கே சேரும் உரிமை இந்த மண்ணில் ஓர் இடத்தில் நன்றாகவே வாழ்ந்தது. அது கூட்டுக் குடும்பச் சொத்து. அண்ணன் இறந்தால் அவர் பங்கு தம்பிகளோடு கலந்துவிடும். விதவைக்குச் சோறும் துணியும். 1937இல் விதவைக்குக் கொஞ்சம் உரிமை வந்தது, 1956இல் இன்னும் கொஞ்சம். தமிழ்நாடு 1989இல் மகள்களுக்கும் பிறப்பால் பங்கு என்று திருத்தியது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களை விட்டுவிட்டது. பிறகு 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதும் மகளும் மகனைப் போலவே. அதே திருத்தம் அந்தப் பழைய சேரும் உரிமையையும் எடுத்துவிட்டது. இப்போது கூட்டுக் குடும்பப் பங்காளி இறந்தாலும் அவர் பங்கு உயில்படி அல்லது வாரிசுப்படிதான் போகும். 2020 ஆகஸ்ட் 11இல் உச்ச நீதிமன்றம், மகளுக்கு இந்தப் பங்கு கிடைக்க 2005இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்றும் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாகப் பதிந்த பாகப்பிரிவினையைக் கிளற முடியாது.

"தங்கச்சிக்குச் சீர் செஞ்சாச்சு, அவளுக்கு என்ன பங்கு?" என்று இன்றும் கேட்கிறார்கள். சீர் வேறு, பங்கு வேறு. அவர் பங்கு வேண்டாம் என்றால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். அண்ணன் தங்கை என்பதால் சலுகைக் கட்டணமும் உண்டு. 20 ரூபாய் முத்திரைத்தாளில் "எனக்குச் சம்மதம்" என்று எழுதி வாங்கி பீரோவில் வைத்துக்கொள்வதால் பங்கு கை மாறாது.

அண்ணன் தம்பி, நண்பர்கள் சேர்ந்து வாங்கும் மனைக்கும் இதே பங்குக் கணக்குதான். ஒரு பங்காளி தன் பிரிபடாத பங்கை வெளியாளுக்கு விற்கலாம். குடியிருக்கும் குடும்ப வீடாக இருந்தால் மட்டும் அந்த வெளியாள் உள்ளே வந்து உட்கார முடியாது. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், குடும்பத்தார் அந்தப் பங்கை மதிப்புப் போட்டுத் தாங்களே வாங்கிக்கொள்ள 1893ஆம் வருடப் பாகப்பிரிவினைச் சட்டம் வழி விடுகிறது.

வங்கிக் கணக்கும் நாமினியும்

இந்தக் குழப்பமே வங்கியிலிருந்து வருகிறது என்பது என் எண்ணம். வங்கிக் கணக்கில் "இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்" என்று இருக்கும். ஒருவர் போனால் மற்றவர் பணத்தை எடுத்துக்கொள்கிறார். வீடும் அப்படித்தான் என்று மனது நினைத்துக்கொள்கிறது. உண்மையில் வங்கி பார்ப்பது யாரிடம் கொடுத்தால் தன் பொறுப்பு தீரும் என்பதை மட்டும். அந்தப் பணம் கடைசியில் யாருக்கு என்பதை வாரிசுச் சட்டம் சொல்லும். நாமினியும் அப்படித்தான்: வாங்கி வைத்திருந்து உரியவர்களுக்குக் கொடுக்க வேண்டியவர். ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகளை நாமினியாகப் போட்டால் பணம் அவர்களுக்கே உரியது.

ஒருவர் போய்விட்டார் என்றால்

இறப்புச் சான்றிதழ் கையில் வந்ததும் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். இ-சேவை மையத்தில் போடலாம், வட்டாட்சியர் தருவார். அதில் மாமியார் பெயரைக் "கிழவிக்கு எதுக்கு" என்று விட்டுவிடாதீர்கள். வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் வக்கீல் அதைத்தான் முதலில் கேட்பார். வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அசல் பத்திரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உயில் இருந்தால் அசலைப் பத்திரப்படுத்துங்கள். எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டா மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பட்டாவில் தனியாகப் பெயர் வந்துவிட்டதாலேயே முழுச் சொத்தும் உங்களுக்கு ஆகிவிடாது.

18 வயது ஆகாத பிள்ளைக்குப் பங்கு வந்திருந்தால் அம்மாவே கார்டியனாக இருந்தாலும் அந்தப் பங்கை விற்கவோ அடமானம் வைக்கவோ நீதிமன்ற அனுமதி வேண்டும். மளிகைக் கடை அம்மாளுக்கு முதலில் முட்டுக்கட்டை போட்டதே இதுதான். பையனுக்கு 16. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசியில் வளையல்களைத்தான் வைத்தார்.

பையனுக்கு 18 முடிந்தபின் கொழுந்தனாரும் நாத்தனாரும் ஒரே நாளில் வந்தார்கள். முழுக் கட்டணம் கட்டி, அந்த நூறு அடியையும் அண்ணி பெயருக்கு எழுதிக் கொடுத்தார்கள். மறுவாரம் அந்த அம்மாள் தனியாக வந்தார். "அக்கா, என் பேர்ல இருக்கிற 850 அடிக்கு ஒரு உயில் எழுதணும். பொண்ணுக்குப் பாதி, பையனுக்குப் பாதி" என்றார். சாட்சிக்கு யார் என்று கேட்டேன். பக்கத்து வீட்டு டீச்சரையும், கடையில் வேலை பார்த்த பையனையும் வாசலில் நிறுத்தி வைத்திருந்தார்.